அழுத்து, அழுத்தியாச்சு

திரையின் அடியில் அந்த நீலப் பட்டை இடப்பக்கம் முளைத்தது, ஊர்ந்து ஊர்ந்து வலப்பக்கம் போய் மறைந்தது, மறுபடியும் இடப்பக்கமே முளைத்தது. எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு வார்த்தை சொல்கிறதா பார் என்று நினைத்துக்கொண்டாள் செண்பகவல்லி. சொன்னால் என்ன குறைந்துவிடும். பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்கூட அஞ்சு நிமிஷம் என்று பொய்யாவது சொல்வார். அவள் எழுதிய புரோகிராமை போனுக்குப் புரிகிற மாதிரி மாற்றி, கேபிள் வழியாக மேஜைமேல் கிடக்கிற அவளுடைய போனில் ஒரு ஆப்பாக ஏற்றவேண்டும், அவ்வளவுதான் அந்தப் பட்டையின் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் லேபைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்து பார்த்துவிடுவது என்றுதான் திட்டம் போட்டிருந்தாள். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் யாருக்கும் தெரியாமல் மூடிவைத்துவிட்டு வழக்கம்போல போர்டில் கட்டம் போட்டுப் பாடம் நடத்தலாம். ஆனால் டிபன் டப்பாவைத் திறந்த நேரத்துக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். கரண்ட் திரும்பி, கம்ப்யூட்டர் சோம்பல் முறித்து எழுந்து, பட்டை ஓட ஆரம்பித்ததும் மணி அடித்துவிட்டது, கடைசி வருஷத்துப் பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்துவிட்டார்கள். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஜெர்லின் என்கிற தூத்துக்குடிப் பெண், யாரும் கேட்காமலே உபகாரம் பண்ணுகிறவள், மேம் ஏதோ காட்டப்போகிறார்கள் என்று புரொஜெக்டரை வேறு போட்டுவிட்டாள். இப்போது பட்டை சுவர் அகலத்துக்கு ஓடியது. "என்ன மேம் ஓடுது?" என்றது ஒரு குரல். "ஆப் மேம்? நெசமாவே ஆப்பா?" என்றது இன்னொன்று. அந்த நெசமாவேதான் அவளுக்கு உறைத்தது. ஆமாம்ப்பா, இருங்க, வரட்டும் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பது வருஷமாக இந்தக் கல்லூரியில் இந்தப் பாடத்தை அவள்தான் எடுக்கிறாள். எடுக்கிறாள் என்றால் அவளாக எடுத்ததில்லை, தலையில் கட்டினார்கள். மொபைல் ஆப் செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சிலபஸில் புதிதாக வந்தபோது துறைத்தலைவர் கோமதிநாயகம் சார், "ஒண்ணுமில்லம்மா, சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி, புஸ்தகத்தைப் பாத்தா நடத்திரலாம்" என்றார், அவளும் புஸ்தகத்தைப் பார்த்தாள், நடத்திவிட்டாள். அங்கேதான் சங்கதியே கெட்டது, பார்த்தால் நடத்த முடிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு என்றால் ஐந்து அடுக்கு, அடியில் இது, அதற்குமேல் இது, உச்சியில் நாம் செய்கிற ஆப், டிபன் கேரியர் மாதிரி நினைச்சுக்கோங்கப்பா என்று அவள் சொன்னால் பிள்ளைகள் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள். ஐபோனுக்கு நான்கு அடுக்கு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள் கட்டாயம் வரும் கேள்வி, குறைந்தது பத்து எழுதணும், எட்டோடு நிறுத்தினால் மார்க் போய்விடும். லேப் என்று வந்தால் ஒரு மேனுவல் இருந்தது, எந்தக் கல்லூரியிலிருந்து யார் கொண்டுவந்ததோ, நகலுக்கு நகல், அதற்கு நகல் எடுத்தது. அதில் புரோகிராம் இருக்கும், கீழே அவுட்புட் என்று ஒரு போன் படம் இருக்கும். லேபில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர்களில் ஆப் செய்கிற மென்பொருளைத் திறந்தாலே மூச்சுத் திணறும், அதனால் பிள்ளைகள் புரோகிராமை எழுதி, கீழே ஸ்கேல் வைத்துப் போனை வரைந்துவிடுவார்கள். உச்சியில் பேட்டரியை நிறைய வரைந்தவர்கள் உண்டு, பாதி வரைந்தவர்கள் உண்டு, ஒருத்தன் சார்ஜ் ஏறுகிற மாதிரி மின்னல் குறிகூடப் போட்டிருந்தான். எல்லோருக்கும் அவள் ஒரே டிக்தான் போட்டாள். அரைத்த மாவை அரைப்பதுகூட இல்லை, மாவின் படத்தை அரைப்பது. இது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லையா என்றால், தோன்றியது, ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாதத்தில் இரண்டு மூன்று நாள் தோன்றும், அப்புறம் பரீட்சை வந்துவிடும்.

பட்டை ஒரு இடத்தில் நின்றது. பின்வரிசையில் யாரோ "போச்சு" என்றார்கள். இல்லை, போகவில்லை, கீழே பொடி எழுத்தில் ஏதோ மாறியது, மறுபடி ஊர்ந்தது. செண்பகவல்லி விட்ட மூச்சு அவளுக்கே கேட்டது. முதல் வரிசையில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டு. இந்தப் பெண் மட்டும் இன்றைக்கு லீவு போட்டிருக்கக்கூடாதா. அப்படி நினைத்ததும் ச்சே என்றிருந்தது, யாருக்காக இதை ஆரம்பித்தாளோ அவளே வரவேண்டாம் என்றால் என்ன அர்த்தம். போன மாதம் வளாக நேர்முகத்துக்கு, வேலைக்கு ஆள் எடுக்க, ஒரு கம்பெனி வந்திருந்தது. முத்துப்பேச்சிதான் இந்தப் பாடத்தில் முதல் மார்க், ஐந்து அடுக்கையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சொல்வாள். அவளைக் கேள்வி கேட்டவன் சின்ன வயசுக்காரன், இந்தப் பிள்ளைகளைவிட நாலைந்து வயசுதான் மூத்திருப்பான், மிரட்டுகிறவன் இல்லை. அவள் நடுங்குவதைப் பார்த்து, சரி பாடமெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதல் தடவை உங்க ஆப் போன்ல வந்து நின்னப்போ எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். பதற்றம் தணியட்டும் என்று கேட்ட கேள்வி. முத்துப்பேச்சிக்கு அதற்குத்தான் பதில் தெரியவில்லை. வெளியே வந்தவள் அழவில்லை, வராண்டாவில் செண்பகவல்லியைத் தேடிப் பிடித்தாள். "மேம், ஒங்களுக்கு எப்பிடி இருந்துச்சு மேம்? சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிக்கிடுதேன். வாற கம்பெனியிலயும் கேட்டாலும் கேப்பாங்க" என்றாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, அந்தப் பிள்ளைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் கிடையாது. மெய்யாகவே அந்த உணர்ச்சிக்கும் ஒரு விடை இருக்கும், அது மேமிடம் இருக்கும், வாங்கி உருப்போட்டுக்கொண்டால் ஆகிவிடும் என்று நம்பிக் கேட்டாள். ஒன்பது வருஷம் செண்பகவல்லி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தானே. தன் வாழ்நாளில் ஒரு ஆப்கூடச் செய்து பார்த்திராத மேம், "நல்லா இருந்துச்சு" என்றாள்.

நல்லா இருந்துச்சு. தோசை நல்லா இருந்துச்சு, கொடைக்கானல் நல்லா இருந்துச்சு. அந்த இரண்டு வார்த்தை அன்றிலிருந்து மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றது. மறுநாளே வீட்டில் வெளியூரில் படிக்கும் மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், நாற்பத்தாறு வயதில் அரிச்சுவடி. எங்கே தொடங்குவது என்பதிலேயே தலை சுற்றியது. ஆண்ட்ராய்டுக்குச் செய்வதா, ஐபோனுக்குச் செய்வதா, ஒரே தடவை எழுதினால் இரண்டிலும் ஓடும் என்கிறார்களே அந்த வழியில் போவதா. மூன்றுக்கும் ஆள் இருந்தது, மூன்று பேரும் வீடியோவில் மற்ற இரண்டும் வேஸ்ட் என்றார்கள். ஐபோனுக்குச் செய்ய வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரே வேண்டுமாம். நான்கு அடுக்கையும் இத்தனை வருஷம் பாடம் எடுத்தவளுக்கு இது அன்றைக்குத்தான் தெரிந்தது, வேறுபாடுகள் பத்தில் அது இல்லை. சரி, கையில் இருக்கிற போன் எதுவோ அதுவே நம் வழி என்று ஆண்ட்ராய்டில் இறங்கினாள். இறங்கினால் கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. சொருகினாள், பிடுங்கினாள், போனை அணைத்துப் போட்டாள், கேபிளைச் சேலைத் தலைப்பால் துடைத்தும் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் சங்கரநாராயணன் எட்டிப் பார்த்து, "இது சார்ஜ் மட்டும் போற கேபிளா இருக்கும் வல்லி, உள்ள ரெண்டு ஒயருதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேபிளில் இரண்டு ஜாதி இருப்பது எந்தப் பாடத்தில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று அவர் சொல்லவில்லை, நல்ல மனிதர், ஆனால் அவர் சொல்லாததும் அவளுக்குக் கேட்டது.

அப்புறம் போனின் அமைப்புகளுக்குள் போய், ஒரு எண்ணின்மேல் ஏழு தடவை விரலால் தட்ட வேண்டும் என்றார்கள் வீடியோக்காரர்கள், தட்டினால்தான் ஆப் செய்கிறவர்களுக்கான கதவு திறக்குமாம். பிள்ளையார் கோவில் தோப்புக்கரணத்துக்குக்கூட இத்தனை கணக்கு கிடையாது. அடுப்பில் குழம்பு கொதிக்க, இடக்கையில் கரண்டியும் வலக்கையில் போனுமாகத் தட்டினாள். நீங்கள் இப்போது டெவெலப்பர் என்று ஒரு சின்னக் கட்டம் வந்து மறைந்தது. மெனக்கெட்டு அதை மறுபடி வரவழைக்கத் தட்டினாள், நீங்கள் ஏற்கெனவே டெவெலப்பர்தான் என்றது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கல்யாணம் ஆனபோது, வேலை கிடைத்தபோது, அம்மா ஆனபோது, இப்போது நீ இது ஆகிவிட்டாய் என்று யாராவது வந்து சொன்னார்களா என்ன. அந்தச் சந்தோஷம் குழம்பு இறக்கும்வரைதான். பில்டு, அதாவது புரோகிராமை ஆப்பாக மாற்றுகிற வேலையை, ஓட விட்டால் மகனின் லேப்டாப் நடுவழியில் உறைந்துபோகும், விசிறி மட்டும் ஹோவென்று இரையும். மறுபடி அணைத்து, மறுபடி ஓட விட்டு, மறுபடி உறைந்து. ஒரு நாள்கூட கடைசிவரை போகவில்லை. இன்றைக்குக் காலையில்தான் இந்த மூன்றாம் லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது, வியாழக்கிழமை நேர்முகத்துக்கு அடுத்த கம்பெனி வருகிறது. இன்றைக்குப் புதன். நாளைக்கு முத்துப்பேச்சி போய் உட்காரும்போது அவளிடம் ஒன்று இருக்க வேண்டும், மேமுடைய நல்லா இருந்துச்சு இல்லாமல் வேறு ஏதாவது.

"மேம், என் போன்ல வருமா மேம் இது?" ஜெர்லின் தன் ஐபோனைத் தூக்கிக் காட்டினாள், இறால் கம்பெனி வைத்திருக்கும் அப்பா வாங்கிக்கொடுத்தது, வகுப்பிலேயே அது ஒன்றுதான். செண்பகவல்லியின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது, அதாவது இரண்டு தளங்களுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு என்னவென்றால், என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எட்டு நிமிஷம் தங்குதடை இல்லாமல் ஓடும் அது. அவள் அதை விழுங்கினாள். "வராதுமா. அதுக்கு வேற கம்ப்யூட்டர் வேணும். நம்மகிட்ட இல்ல" என்றாள். அவ்வளவுதானா என்பதுபோல ஜெர்லின் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், மூன்றே வாக்கியம். பதினாறு மார்க் கேள்விக்கு மூன்று வாக்கியத்தில் பதில் இருந்திருக்கிறது. நெற்றியில் வியர்த்தது, ஏசி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள், ஓடிற்று. பட்டை ஓடியது. பொடி எழுத்தில் எதையோ இறக்குகிறேன் என்றது, இந்தக் கல்லூரியின் நெட்டில் இறக்கி எப்போது முடிக்க. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கோமதிநாயகம் சாரின் வழுக்கை ஒரு தடவை கடந்து போனது, நின்று, திரும்பி, சுவரில் ஓடும் பட்டையைப் பார்த்தது, ஒன்றும் புரியாமல் போனது. அவருக்கும் தெரியாது. இந்தக் கட்டடத்தில் யாருக்குமே தெரியாது. அது ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் படித்துப் போன பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்தன, அவர்களும் எங்கெங்கோ ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதே கேள்விக்கு விழித்திருப்பார்கள், அவர்கள் யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை, கேட்டிருந்தால் எல்லோருக்கும் நல்லா இருந்துச்சு என்றே சொல்லியிருப்பாளோ. சிவப்பு வந்தால் என்ன செய்வது. சிவப்பு எழுத்தில் தப்பு என்று சுவர் அகலத்துக்கு வந்தால், அது என்ன தப்பு என்று இந்தப் பிள்ளைகள் கேட்டால். கரண்ட் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, போகக்கூடாத நேரத்தில் போன கரண்ட் போகவேண்டிய நேரத்தில் போகுமா. முத்துப்பேச்சி இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சிமிட்டுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

பட்டை மறைந்தது. மறுபடி முளைக்கவில்லை. சுவரின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருந்தது, அதைப் பார்க்கச் செண்பகவல்லிக்குத் திக்கென்றது, ஓடும்வரை அதைத் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது அது ஓடினாலே போதும்போல இருந்தது. போன் டங்கென்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கேபிள் வழியாக ஒரு ஆப் வருகிறது, நிறுவலாமா என்று கேட்டது போன், பக்கத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது, பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுமாம். இவ்வளவு நேரம் ஆமை மாதிரி ஊர்ந்துவிட்டு இப்போது என்ன அவசரம். "மேம் அழுத்துங்க! மேம்!" என்று வகுப்பே கத்தியது. விரல் வியர்வையில் வழுக்கியது, ஒரு தடவை பதியவில்லை, சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். திரை ஒரு கணம் வெள்ளையாயிற்று. அப்புறம் நடுவில் ஒரு பொத்தான் வந்து நின்றது. அழுத்து என்று அதில் எழுதியிருந்தது. அவள் எழுதியது. அழுத்தினாள். மேலே அழுத்தியாச்சு என்று வந்தது. அவ்வளவுதான் அந்த ஆப். உலகத்தில் யாருக்கும் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் கிடையாது.

ஆனால் வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று நினைப்பதற்குள் சிரித்திருந்தாள், பல் தெரிய, அசட்டுத்தனமாக, ஒன்பது வருஷத்தில் எந்தப் பிள்ளையும் பார்க்காத சிரிப்பு. கேபிளைக் கழற்றினாள், கழற்றின பிறகும் பொத்தான் அங்கேயே இருந்தது, எந்தப் பிடிமானமும் இல்லாமல், தன்பாட்டுக்கு. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. போன் கை மாறியது. "ஏ, எனக்குக் குடுட்டி", "அழுத்தியாச்சாம்லே", "மேம், ரெண்டு தடவ அழுத்துனா என்ன மேம் ஆகும்?" என்று ஒரே இரைச்சல். ரெண்டு தடவை அழுத்தினாலும் அழுத்தியாச்சு என்றுதான் வந்தது, அதற்கும் ஒரு சிரிப்பு. இன்றைக்குச் சாயங்காலம் சங்கரநாராயணன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவர் கையில் இதைக் கொடுக்க வேண்டும், ஒன்றும் சொல்லக்கூடாது, அவராக அழுத்திப் பார்க்கட்டும். மகன் கல்லூரியிலிருந்து வீடியோவில் கூப்பிடும்போது காட்ட வேண்டும். கோமதிநாயகம் சாரிடம், வேண்டாம், அவருக்கு நாளைக்கு. போன் கடைசியாக முத்துப்பேச்சியிடம் வந்து நின்றது. அவள் அழுத்தவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு எழுந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேஜை அருகே வந்தாள்.

"மேம், இத எடுத்துறட்டுமா?" என்றாள்.

"எத?"

"இந்த ஆப்ப. எடுத்துட்டு நான் மொதல்லருந்து பண்ணுதேன் மேம். ஒண்ணுமே இல்லாததுலருந்து. இதுல இருந்தா இதையேதான் பாத்து எழுதுவேன், எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்லித் தராதீங்க."

எடுத்துவிடுவதா. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பிறந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, வீட்டில் அவர் இன்னும் பார்க்கவில்லை. இரும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம் என்று வாய்வரை வந்தது. நாளைக்கு இந்தப் பெண் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். கம்ப்யூட்டரில் புரோகிராம் இருக்கிறதே, மறுபடி எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாமே என்று ஒரு புத்தி சொன்னது, அந்தப் புத்திக்கு, அந்தப் பெண் கேட்பது அதையும் சேர்த்துத்தான் என்று இன்னொரு புத்தி சொன்னது. கண்ணெதிரே இருந்தால் பார்த்துத்தானே எழுதுவாள், பார்த்து எழுதத்தானே பழக்கியிருக்கிறோம். செண்பகவல்லிக்குப் பொறாமை மாதிரிகூட ஏதோ ஒன்று குறுக்கே ஓடியது, ஓடட்டும். அவள் போனை வாங்கினாள், ஆப்பின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள், நீக்கவா என்று கேட்டது, ஆம் என்றாள். பிறகு கம்ப்யூட்டரில் புரோகிராம் இருந்த போல்டரையும் அழித்தாள், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினாள். வகுப்பில் யாரோ "ஐயோ மேம்" என்றார்கள். நாற்காலியைவிட்டு எழுந்துகொண்டாள்.

முத்துப்பேச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். விரல்கள் கீபோர்டுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றன. ஒரு எழுத்தை அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். மற்ற பிள்ளைகள் நாற்காலியைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். முதல் வரி முடிந்தது, இரண்டாவது வரி முடிந்தது. மூன்றாவது வரியில் ஒரு தப்பு செண்பகவல்லியின் கண்ணில் பட்டது. தப்பு என்று தெரிந்தது, ஏன் தப்பு என்றும், அதை விட்டால் எந்த இடத்தில் போய் சிவப்பு எரியும் என்றும் தெரிந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றாள்.